கொட்டாத பை

பைக்கடையின் நடுவில் ஒரு சாக்கை விரித்து, அதன் மேல் நின்றபடி மெக்கானிக் நிதானம் ஒரு புதுப் பையைத் தலைகீழாகப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தான். உள்ளே அவனுடைய வேலைச் சாமான்கள் அத்தனையும் இருந்தன. ஸ்பேனர்கள், ஸ்க்ரூ டிரைவர்கள், கட்டிங் பிளையர், மீட்டர், டார்ச், கிரீஸ் டப்பா. பை கனத்தில் தொங்கியது. இன்னும் கொஞ்சம் வேகமாக உலுக்கினான். பக்கத்து ஜிப் லேசாக விலகி, டெஸ்டர் ஒன்று மூக்கை வெளியே நீட்டியது.

"இதுவும் ஆகாது," என்றான்.

கடைக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அவனைப் பார்த்தார். இந்த ஆள் அவருக்குப் பழகிவிட்டான். வாங்கிப் போவான், இரண்டொரு நாளில் திரும்பி வருவான், மாற்றிக் கேட்பான். மாற்றித் தர முடியாது என்றால் சண்டை போடமாட்டான். பழையதை வைத்துக்கொண்டே வேறொன்று வாங்கிப் போவான்.

"தம்பி, நீங்க பையைத் தலைகீழா மாட்டிக்கிட்டா வேலைக்குப் போறீங்க?"

"இல்லீங்க."

"அப்ப அது என்ன குத்தம் பண்ணுச்சுன்னு இந்த உலுக்கு உலுக்கறீங்க?"

நிதானம் டெஸ்டரை உள்ளே தள்ளி ஜிப்பை மூடினான். உடனே அதையே திறந்து மறுபடி மூடினான்.

அவனுடைய உண்மையான பெயரைச் சம்பளச் சீட்டில்தான் பார்க்கலாம். லிஃப்ட் பராமரிப்புக் கம்பெனியில் எல்லோருக்கும் அவன் நிதானம். ஒரு போல்ட்டை முடுக்கினால் முடுக்கிய பிறகு அதன் மேல் கையை வைத்து ஒரு கணம் நிற்பான், குழந்தை தூங்கிவிட்டதா என்று பார்ப்பதுபோல. மற்றவர்கள் கேலி செய்வார்கள். ஆனால் அவன் பார்த்துவிட்டு வந்த லிஃப்ட் மறுநாள் நின்றுபோனது என்று யாரும் போன் செய்ததில்லை. அதனால்தான் அவன் மனைவி தன் தம்பிக்கு இந்த வேலை கிடைத்தபோது, வேறு யாரோடும் அனுப்ப வேண்டாம், உங்கள் கூடவே வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டாள். மச்சினன் கையைக் காலை ஆட்டிக்கொண்டே இருக்கிறவன், வாய் ஓயாது. இரண்டும் சேர்ந்தால் சரியான ஜோடி என்று கம்பெனியிலும் சொன்னார்கள்.

அந்த ஜோடிக்கு நடந்தது இதுதான்.

ஒரு குடியிருப்புக் கட்டடத்தில் மாதாந்தரப் பராமரிப்பு. லிஃப்ட் பெட்டி மேலும் கீழும் ஓடுகிற அந்த உயரமான கூட்டை இவர்கள் ஷாஃப்ட் என்பார்கள். அதன் அடியில், தரைக்கும் கீழே ஆளுயரக் குழி ஒன்று இருக்கும். எண்ணெயும் குப்பையும் மேலிருந்து வழிந்து அங்கேதான் சேரும். ஒருவர் பெட்டியின் கூரை மேல் ஏறி நின்று ஒவ்வொரு மாடிக் கதவின் பூட்டையும் பார்த்துச் சரி செய்ய வேண்டும். குழியைச் சுத்தம் செய்வது தனி வேலை. ஒன்றை முடித்துவிட்டுத்தான் இன்னொன்றைத் தொட வேண்டும் என்பது முறை. ஆனால் அன்றைக்கு சூப்பர்வைசர் போன் மேல் போன் போட்டுக்கொண்டிருந்தார், அடுத்த கட்டடத்தில் ஆள் காத்திருக்கிறது என்று.

"மாப்ள, நீ குழியைப் பாத்துடு. நான் மேல பூட்டைப் பாத்துடறேன்," என்றான் நிதானம்.

ஐந்தாவது மாடிப் பூட்டின் போல்ட் இடக்கைப் பக்கம் இருந்தது. எட்டவில்லை. பெட்டியின் விளிம்பில் முழங்காலை ஊன்றிச் சாய்ந்தான். தோளில் குறுக்கே மாட்டியிருந்த பை, அவன் குனிந்ததும் முதுகிலிருந்து சரிந்து முன்னால் வந்து தொங்கியது. அதன் பக்கப் பையில் செருகியிருந்த பத்தொன்பதாம் நம்பர் ஸ்பேனர் நழுவியது. பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடுக்கு உள்ளங்கை அகலம்கூட இருக்காது. அதற்குள் சரியாகப் போய் விழுந்தது.

கம்பியில் ஒருமுறை, சுவரில் ஒருமுறை மோதிய சத்தம் கேட்டது. பிறகு கீழே, மணியடித்த மாதிரி ஒரு சத்தம். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

நிதானம் கவிழ்ந்து படுத்து இடுக்குக்குள் பார்த்தான், இருட்டுதான் தெரிந்தது.

வெகுநேரம் போலிருந்தது. பிறகு அடியிலிருந்து மச்சினனின் குரல் எழும்பி வந்தது. "மாமா, பத்தொம்பது உங்களுதா? என் காலுக்கிட்ட வந்து உக்காந்திருக்கு. திருப்பி அனுப்பவா, நீங்களே வந்து எடுத்துக்கறீங்களா?"

அவ்வளவுதான். ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. அடுத்த கட்டடத்துக்குப் போனார்கள், அந்த வேலையையும் முடித்தார்கள். மச்சினன் வழியெல்லாம் தன் வண்டியின் பிரேக்கைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தான். இறங்கும்போது, "இந்தப் பையைத் தூக்கிப் போடுங்க மாமா, உங்க கல்யாணத்துக்கு முன்னாடி வாங்கினது மாதிரி இருக்கு," என்றான்.

நிதானம் அன்று சாயங்காலமே பைக்கடைக்குப் போனான்.

முதலில் வாங்கியது முதுகில் மாட்டுகிற பை. குனிந்தால் முன்னால் வராது என்று வாங்கினான். ஆனால் ஒவ்வொரு சாமானுக்கும் அதைக் கழற்றி, இறக்கி, திறந்து, மறுபடி மாட்ட வேண்டியிருந்தது. இருட்டில் கையைவிட்டுத் துழாவ, மீட்டரின் ஒயர் ஒரு ஸ்பேனரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வந்தது. அது பெட்டியின் கூரையிலேயே விழுந்தது என்றாலும் அன்றோடு அந்தப் பையைக் கழற்றி வைத்துவிட்டான். அடுத்தது கெட்டியான பிளாஸ்டிக் பெட்டி. கொட்டாதுதான். ஆனால் எண்ணெய்ப் பிசுக்குள்ள கூரையில் அது வழுக்கி ஓடியது. காலால் அணைத்துக்கொண்டே வேலை செய்தான். இடுப்பில் கட்டுகிற பை உட்காரும்போது வயிற்றில் குத்தியது, அதில் பாதிச் சாமான் அடங்கவுமில்லை. இன்னொரு தோள்பை வாங்கினான். அதன் ஜிப் நன்றாக இருந்தது. ஆனால் வாரின் கொக்கி மேல் அவனுக்கு நம்பிக்கை வரவில்லை.

வீட்டில் கதவுக்குப் பின்னால் ஒன்று, கட்டிலுக்கு அடியில் ஒன்று, துணி காயப் போடும் கம்பியில் ஒன்று என்று பைகள் சேர்ந்துவிட்டன.

அவன் மனைவி ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பில் வேலை பார்ப்பவள். பயந்து வருகிறவர்களின் முகத்தைப் பார்த்தே எந்தப் பல் என்று சொல்லிவிடுவாள். முதல் இரண்டு பைகளுக்கு ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாவது வந்தபோது, "இதுல எதை வச்சு எங்க கெளம்பறதா உத்தேசம்?" என்று கேட்டாள்.

"எதுவும் சரியா அமையல."

"பொண்ணு பாக்கும்போதுகூட நீங்க இவ்வளவு பாக்கலயே."

சிரிக்கத்தான் சொன்னாள். அவனும் சிரித்தான். ஆனால் சிரிப்பு பாதியில் நின்றது, எழுந்து போய்க் கதவுக்குப் பின்னால் இருந்த பையின் ஜிப்பை இழுத்துப் பார்த்தான். அவள் அதையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவனால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்து தண்ணீர் எடுக்கப் போனான், சொம்பு எதிரிலேயே இருக்கும். பேசிக்கொண்டிருக்கும்போது மேஜை விளிம்பில் இருக்கிற டம்ளரை நகர்த்தி நடுவில் வைத்தான். மாடிப் படியில் யாராவது எதையாவது கீழே போட்டால் எழுந்து போய் எட்டிப் பார்த்தான். வேலையிலும் ஒரு மாற்றம் வந்தது. குழியில் யார் இறங்குவது என்ற பேச்சே இல்லாமல் தானே இறங்கினான். மச்சினனை மேலே அனுப்பினான்.

"உங்களுக்குக் கீழ என்ன வேண்டுதல்? பூட்டு வேலை உங்க கைக்குத்தானே வரும்?" என்றான் மச்சினன்.

"நீயும் பழகிக்கோ."

மச்சினனுக்குப் பூட்டு வேலை அவ்வளவு சுத்தமாக வராது. இரண்டு கட்டடங்களிலிருந்து கதவு சரியாக மூடவில்லை என்று புகார் வந்தது. சூப்பர்வைசர் கூப்பிட்டு, "என்னப்பா, உன் ரூட்ல புகாரா?" என்று ஆச்சரியமாகக் கேட்டார். நிதானம் அப்போதும் குழியை விட்டுக்கொடுக்கவில்லை. குழிக்குள் நிற்கும்போது தலைக்கு மேல் மச்சினனின் கைச்சாமான்கள் கலகலக்கும் சத்தம் கேட்கும். தன் மேல் விழுந்தால் விழட்டும் என்று இருந்தது அவனுக்கு. அது ஒருவகை ஆறுதலாகக்கூட இருந்தது. இதை அவன் யாரிடமும் சொல்லவில்லை.

விஷயம் வெளியே வந்தது ஒரு விடுமுறை மதியத்தில். மச்சினனுக்குக் கல்யாணமாகி வருஷம் திரும்பவில்லை. புதுப் பெண்டாட்டி அம்மா வீட்டுக்குப் போயிருந்ததால் அவன் அக்கா வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தான். கம்பியில் தொங்கிய பையைப் பார்த்ததும் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அக்கா, மாமா பைக்கடை போடப் போறாரா?"

"நீயே கேளு. என்கிட்ட வாயத் தொறக்கமாட்டேங்கறார்."

"எல்லாம் அந்தப் பத்தொம்பது பண்ற வேலை," என்று ஆரம்பித்தான் மச்சினன். நிதானம் தட்டிலிருந்து தலையைத் தூக்கி அவனைப் பார்த்தான். மச்சினன் அதைக் கவனிக்கவில்லை. ஸ்பேனர் வந்து விழுந்த சத்தத்தை வாயால் அடித்துக் காட்டினான். தான் மேலே பார்த்துப் பேசியதை இரண்டு குரலில் நடித்தான். "இப்படி ஒரு இஞ்ச் தள்ளி நின்னிருந்தா, இந்நேரம் என் ஃபோட்டோ சுவத்துல இருந்திருக்கும். உனக்கு ஒரு தட்டு மிச்சம்."

அக்கா சிரிக்கவில்லை. கையில் இருந்த கரண்டியை மெதுவாகப் பாத்திரத்துக்குள் வைத்தாள். "இன்னும் கொஞ்சம் போட்டுக்கறியாடா?" என்று மட்டும் கேட்டாள். அவன் கிளம்பிப் போகும்வரை சாதாரணமாகவே இருந்தாள்.

பிறகு சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டே கணவனிடம் பேசினாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"ஒண்ணும் ஆகலயே."

"ஒண்ணும் ஆகாததுக்கா வீடு முழுக்கப் பையைத் தொங்கவிட்டிருக்கீங்க?"

அவன் வாசற்படியில் நின்றான். உள்ளே போகவுமில்லை, நகரவுமில்லை.

"நான்தான் அவனை உங்க கையில பிடிச்சுக் குடுத்தேன்," என்றாள். "வேற யாரா இருந்தாலும் எனக்குப் பயமா இருந்திருக்கும். நீங்கன்னா பயமில்லைன்னு இருந்தேன்." குழாயை மூடினாள். "அவனை வேற ஆளோட அனுப்பச் சொல்லுங்க."

அவள் கோபத்தில் கத்தியிருந்தால் அவனும் ஏதாவது சொல்லியிருப்பான். அவள் கத்தவில்லை.

மறுநாள் காலை அவன் சூப்பர்வைசரிடம் போனான். அவர் ஒரு காதில் போனும் இன்னொரு காதுக்குப் பக்கத்தில் பேனாவுமாக இருப்பவர். காரணம்கூடக் கேட்கவில்லை. "மச்சானுக்கும் மச்சானுக்கும் தகராறா? சரி, அவனைப் புயல்கிட்டப் போடறேன். நீ கொஞ்ச நாள் மெஷின் ரூம் வேலை பாரு," என்றார்.

புயல் என்பது இன்னொரு மெக்கானிக்கின் பட்டப்பெயர். அவன் காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குள் மற்றவர்களின் ஒரு நாள் வேலையை முடித்துவிட்டு வந்து உட்கார்ந்திருப்பான். கெட்டவன் இல்லை. ஆனால் அவன் வேலை செய்கிற இடத்தில் சாமான்கள் பறந்துகொண்டிருக்கும். பிளையரைக் கேட்டால் தூக்கித்தான் போடுவான்.

"வேற ஆள் இல்லீங்களா?"

"நீதானேப்பா மாத்தச் சொன்ன?"

மொட்டை மாடியில், மெஷின் ரூம் என்கிற சின்ன அறையில், நிதானம் பேனலைத் திறந்து ஒயர்களைச் சரிபார்த்தான். இங்கே விழுவதற்கு எதுவுமில்லை, விழுந்தாலும் தரையில்தான். நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். அரை மணிக்கு ஒருமுறை வெளியே வந்து மச்சினனுக்கு போன் போட்டான்.

"மாப்ள, மேல இருக்கியா, கீழ இருக்கியா?"

"டீக்கடையில இருக்கேன் மாமா."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி. "இப்ப?"

"இப்பவும் பூமியிலதான் இருக்கேன். வைங்க."

அடுத்த தடவை அவன் எடுக்கவில்லை. அதற்கடுத்த தடவையும் எடுக்கவில்லை. குழிக்குள் சில இடங்களில் சிக்னல் கிடைக்காது. இது நிதானத்துக்கு நன்றாகத் தெரியும். தெரிந்ததுதான் வினையாகிவிட்டது. பேனலை மூடினான், சாமான்களை அள்ளிப் பையில் போட்டான், வண்டியை எடுத்துக்கொண்டு அவர்கள் வேலை செய்யும் கட்டடத்துக்குப் போனான். அது ஒரு அலுவலகக் கட்டடம். வாசலில் காவலாளி என்ன ஏது என்று கேட்பதற்குள் உள்ளே நுழைந்துவிட்டான்.

கீழ்த்தளத்தில் லிஃப்ட் கதவு திறந்து, முன்னால் மஞ்சள் தடுப்பு வைத்திருந்தது. தடுப்பைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தான். குழிக்குள் ஒரு விளக்கு எரிந்தது. மச்சினன் குனிந்து துணியால் எண்ணெயைத் துடைத்துக்கொண்டிருந்தான். மேலே, மூன்று மாடி உயரத்தில் பெட்டி நின்றிருந்தது. அதன் கூரையிலிருந்து புயலின் பாட்டுச் சத்தமும், இரும்பு இரும்போடு உரசும் சத்தமும் வந்துகொண்டிருந்தன.

"வெளிய வா," என்றான் நிதானம்.

மச்சினன் நிமிர்ந்தான். "மாமா? நீங்க எங்க இங்க?"

"வெளிய வா. இப்பவே."

"வேலையில இருக்கேன்."

"ஏறி வாடா வெளிய."

அவன் இதுவரை மச்சினனை 'டா' போட்டு அதட்டியதில்லை. மேலே பாட்டு நின்றது. காவலாளியும், லிஃப்டுக்காக நின்று அலுத்துப்போய்ப் படியேறத் தொடங்கிய இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். மச்சினன் ஏணியில் ஏறி வெளியே வந்தான். முகம் சிவந்திருந்தது. நிதானத்தைத் தாண்டிக் கட்டடத்துக்குப் பின்னால் வண்டிகள் நிறுத்தும் இடத்துக்கு நடந்தான். நிதானம் பின்னாலேயே போனான்.

"என்னை ஸ்கூல் பையன்னு நெனச்சீங்களா?" மச்சினன் திரும்பி நின்றான். "என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம ஆளை மாத்தினீங்க. சரின்னு போனேன். இப்ப நாலு பேர் முன்னாடி வந்து அசிங்கப்படுத்தறீங்க. நீங்க போட்டப்ப நான் ஏதாவது சொன்னேனா? புயலண்ணன் எதையும் போடக்கூட இல்ல."

"நானும் போடமாட்டேன்னுதான் இருந்தேன்."

மச்சினன் எண்ணெய்த் துணியில் கையைத் துடைத்துக்கொண்டான்.

"எனக்கு நிதானம்னு பேர் வச்சிருக்காங்க. நானே போட்டேன். அவன் போடமாட்டான்னு எப்படி நம்பறது?" நிதானத்தின் கை தானாகவே தோள்பையின் ஜிப்பைத் தேடிப் போனது. அதைக் கவனித்தவன் கையை இறக்கிக்கொண்டான். "பை சரியில்ல, பை சரியில்லன்னு கடை கடையா ஏறி எறங்கறேன். உன்னைக் குழிக்குள்ள போகச் சொன்னது பை இல்ல. நான் சொன்னேன். சூப்பர்வைசர் போன் போட்டுட்டே இருந்தார், நான் நேரத்தை மிச்சம் பிடிக்கப் பாத்தேன். அதை எந்தக் கடையிலயும் மாத்தித் தரமாட்டாங்க."

மச்சினன் ஒரு வண்டியின் சீட்டில் உட்கார்ந்தான். கையிலிருந்த எண்ணெய்த் துணியை மடித்தான், பிரித்தான்.

"அன்னிக்கு நான் உடனே பேசல, கவனிச்சீங்களா?" என்றான்.

"கவனிச்சேன்."

"கால் ஆடிக்கிட்டே இருந்துச்சு மாமா. நிக்க முடியல. சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டேன். அது நிக்கட்டும்னுதான் அப்படி ஜோக் அடிச்சேன். அப்புறம் வீட்டுக்குப் போய் பொண்டாட்டிகிட்டயும் சொல்லல. அக்காகிட்டச் சொல்லும்போதுகூட சிரிச்சுட்டே சொன்னா ஒண்ணும் இல்லாமப் போயிடும்னு நெனச்சேன்."

நிதானம் அவன் பக்கத்தில், இன்னொரு வண்டியில் சாய்ந்து நின்றான். அவன் தோளில் கையை வைத்தான்.

"வாங்க," என்று மச்சினன் எழுந்தான். "புயலண்ணன்கிட்டச் சொல்லிட்டுக் கடைக்குப் போலாம். இந்தப் பையோட உங்களைப் பாக்க எனக்கே பாவமா இருக்கு."

கடைக்காரர் நிதானத்தைப் பார்த்ததும் சாக்கை எடுக்கப் போனார். "இன்னிக்கு உலுக்கறதுக்குத் துணைக்கு ஆளையும் கூட்டி வந்திருக்கீங்களா?"

மச்சினன் சாக்கை வாங்கி விரித்து, நிதானத்தின் பையை அதில் கவிழ்த்தான். குவியல் கடையின் பாதியை அடைத்தது. அவனே அருகில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினான்.

"இது எதுக்கு?"

"உபரி மீட்டர். ஒண்ணு கெட்டுப்போனா?"

"இது?"

"உபரி டார்ச்."

"இதுவும் டார்ச்சு. ஏன், சூரியன் அணைஞ்சுடும்னு எதாவது சேதி வந்துச்சா?"

கடைக்காரர் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். நிதானத்துக்கும் சிரிப்பு வந்தது. பழைய பையில் இதெல்லாம் இருந்ததில்லை. புதுப் பை ஒவ்வொன்று வாங்கும்போதும் எதையாவது கூடச் சேர்த்திருந்தான். கனம் ஏறிக்கொண்டே போயிருக்கிறது, அவனுக்கே தெரியாமல்.

குவியலை இரண்டாகப் பிரித்தார்கள். கூரை மேல் நின்று பூட்டைத் திருத்த என்ன வேண்டும் என்று பார்த்தால், கைக்கடக்கமாக நாலைந்து சாமான்தான் மிஞ்சியது. மற்றதெல்லாம் மாடிக் கதவுக்கு வெளியே, தரையில் இருந்தால் போதும். கேட்டால் எடுத்துக் கொடுக்க ஆள் இருந்தால் போதும். கடைக்காரர் இதைக் கேட்டுவிட்டு உள்ளேயிருந்து வாளி மாதிரி ஒரு கேன்வாஸ் பையைக் கொண்டுவந்தார். அடிப்பக்கம் கெட்டி, வாய் அகலம், வைத்தால் சாயாமல் நின்றது. உள்ளே சுற்றிலும் செருகிவைக்கப் பட்டைகள் தைத்திருந்தன. பார்த்த மாத்திரத்தில் எது இருக்கிறது, எது இல்லை என்று தெரிந்தது. தோளில் மாட்டினால் குனியவே முடியாது. ஆனால் இதைத் தோளில் மாட்டப் போவதில்லை. மேலே கொண்டுபோகும் நாலு சாமானுக்கு, வயிற்றைக் குத்தும் அதே இடுப்புப்பை போதும் என்றான் நிதானம். ஸ்பேனர்களின் கழுத்தில் கட்ட நல்ல நைலான் கயிறும் வாங்கினான். அதன் மறுமுனையை மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளலாம்.

"இதை உலுக்கிப் பாக்கலியா?" என்றார் கடைக்காரர்.

"இதுக்கு மூடியே இல்லீங்களே. கொட்டத்தான் செய்யும்."

சூப்பர்வைசரிடம் அவர்கள் இரண்டு பேருமாகப் போனார்கள். ஒருவர் மேலே இருக்கும்போது குழியில் ஆள் இருக்காது, இனி அப்படித்தான் வேலை செய்வோம் என்றான் நிதானம். அவர் போனை மேஜையில் வைத்தார், அதுவே பெரிய விஷயம்.

"முறை அதுதாம்பா, நான் இல்லேங்கல. ஆனா எல்லாரும் அப்படியா பண்றாங்க? உன் ஒரு ரூட்டுக்கு நேரம் எங்கயோ போயிடும்."

"போகும்."

"ரெண்டு கட்டடத்தை உன்கிட்டேருந்து எடுத்துப் புயல்கிட்டத்தான் குடுக்க வேண்டி வரும். அதுக்குத் தக்கபடிதான் சம்பளமும் வரும். அப்புறம் என்கிட்ட வந்து நிக்கக்கூடாது."

"சரிங்க."

"நீயும் இவன்கூடவேயா?" என்று மச்சினனைக் கேட்டார்.

"ஆமாங்க. வேற யாரும் எனக்கு இத்தனை தடவை போன் பண்ணமாட்டாங்க."

சூப்பர்வைசர் தலையை ஆட்டிவிட்டுப் போனை எடுத்துக்கொண்டார். புயலிடமும் நிதானம் தனியாகச் சொல்லிப் பார்த்தான். அவன் காதுகொடுத்துக் கேட்டான், முதுகில் ஒரு தட்டுத் தட்டினான், அதன் பிறகும் பாடிக்கொண்டே தன் வேகத்தில்தான் வேலை செய்தான். கம்பெனியில் வேறொன்றும் மாறவில்லை.

வீட்டில் சொன்னபோது மனைவி உடனே ஒப்புக்கொள்ளவில்லை. வாய்ச்சொல்லாக எதையும் நம்ப அவளுக்குப் பயமாக இருந்தது. "பாக்கறேன்," என்று மட்டும் சொன்னாள். வேலைக்கு எடுத்துப் போகாத பைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்து, மருத்துவமனையில் கேட்டவர்களுக்குக் கொடுத்துவிட்டாள். முதுகுப்பையை டாக்டரே வாங்கிக்கொண்டாராம்.

ஒரு நாள் வேலை முடிந்து வரும் வழியில், அவர்கள் வேலை செய்துகொண்டிருந்த கட்டடத்துக்குச் சொல்லாமல் வந்து நின்றாள். கணவனும் தம்பியும் என்ன வேலை செய்கிறார்கள் என்று அவள் நேரில் பார்த்ததே இல்லை. படியேறி நான்காவது மாடிக்கு வந்தபோது, தடுப்புக்குப் பக்கத்தில் தம்பி ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். காலடியில் அந்த வாளிப் பை. முகத்தில் சலிப்பு சொட்டியது.

"என்னடா, வேலை செய்யலியா?"

"இதான்க்கா வேலை. சும்மா உக்காந்திருக்கறது. இதைவிடக் குழியே தேவலாம், அங்க துடைக்கவாவது எண்ணெய் இருக்கும்."

"நான் பாக்கலாமா?"

அவன் எழுந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டான். அவள் தடுப்புக்கு மேல் தலையை மட்டும் நீட்டினாள். காலுக்குக் கொஞ்சம் கீழே பெட்டியின் கூரை. அதன் மேல் மண்டியிட்டு, தலையில் கட்டிய விளக்கோடு நிதானம். அவனைத் தாண்டி, அந்த இடுக்கு வழியாகத் தெரிந்த இருட்டை அவள் பார்த்தாள். அடி தெரியவில்லை. எண்ணெய் வாடையோடு ஒரு குளிர்ந்த காற்று முகத்தில் பட்டது. சட்டென்று தலையை இழுத்துக்கொண்டாள்.

"இவ்வளவு ஆழமா?" என்றாள் தம்பியிடம், மெதுவாக.

நிதானம் நிமிர்ந்து பார்த்தான். விளக்கின் வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்ததும் அதைக் கையால் மறைத்தான். "நீ எப்ப வந்த?"

"இப்பத்தான்."

"கீழ யாரும் இல்ல," என்றான் அவன், கேட்காமலேயே.

"அவன்தான் இங்க உக்காந்திருக்கானே, பாத்தேன்."

அவள் இன்னும் கொஞ்ச நேரம் நின்றாள். அவன் ஒரு போல்ட்டை முடுக்கி, அதன் மேல் கையை வைத்துக் காத்திருந்ததைப் பார்த்தாள். பிறகு அவன் இடுப்புப்பையின் ஜிப்பை ஒருதரம் தொட்டான். மணிக்கட்டில் இருந்த கயிற்றை இழுத்துப் பார்த்தான். மறுபடி ஜிப்பைத் தொட்டான். அந்தப் பயம் அவ்வளவு சீக்கிரம் போகாது என்று அவளுக்குத் தோன்றியது.

"நான் கெளம்பறேன். சீக்கிரம் வந்துடுங்க," என்றாள் பழக்கத்தில். இரண்டு படி இறங்கியவள் நின்று திரும்பினாள். "இல்ல, மெதுவாவே வாங்க. நான் அப்புறமா சமைக்கறேன்."

"அக்கா, எனக்கும் சேத்து," என்றான் தம்பி.